துளை வேண்டாத கம்மல்

நூலில் நான் பின்னிய முதல் ஜோடிக் கம்மலை எறும்பு கொண்டுபோய்விட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, மஞ்சள் பருத்தி நூலில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு பூக்கள். பின்னி முடித்துக் கம்பியில் மாட்டியதும் இரண்டும் நனைந்த அப்பளம் போலத் தொங்கின. விறைப்பு வேண்டுமானால் சர்க்கரைப் பாகில் முக்கிக் காயவைக்க வேண்டும் என்று கைபேசியில் ஒரு பெண் சொன்னாள். அவள் இருந்தது ஏதோ குளிர்நாடு. அங்கே எறும்பு கிடையாது போலிருக்கிறது. நானும் பாகு காய்ச்சி, பூக்களை முக்கி, முற்றத்து வெயிலில் வைத்தேன். மாலைக்குள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. பெருமையோடு சமையலறைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டேன். காலையில் ஆணியிலிருந்து சன்னல்வரை ஒரு கறுப்புக் கோடு.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி அதைப் பார்த்துவிட்டு, "கம்மல் செய்யுதீங்களா, எறும்புக்குப் பலகாரம் வைக்குதீங்களா?" என்றாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்திலும் நின்று சிரித்துவிட்டுத்தான் போனாள்.

நான் நர்ஸ். கல்ஃபில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நீண்டகாலம் வேலை பார்த்தேன். நோயாளியை இயந்திரத்தோடு இணைத்துவிட்டால் அப்புறம் மணிக்கணக்கில் கண்காணிப்புதான். என்னோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் ஓய்வறையில் உட்கார்ந்தால் உடனே சட்டைப்பையிலிருந்து கொக்கி ஊசியையும் நூல்கண்டையும் எடுத்துவிடுவான். பேசிக்கொண்டே தொப்பி பின்னுவான், பிள்ளைகளுக்குக் காலுறை பின்னுவான். அவன் கையைப் பார்த்துப் பார்த்து எனக்கும் சங்கிலிப் பின்னல் போட வந்துவிட்டது. குரோஷே என்பது கடைசியில் அவ்வளவுதான். ஒரு கண்ணிக்குள்ளிருந்து இன்னொரு கண்ணியை இழுத்தெடுப்பது. அதைப் பெண்கள் வேலை என்று சொல்வார்கள் என்பதே எனக்கு ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஊருக்கு வந்தது முதுகால். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பில் ஒரு வட்டு விலகிவிட்டது. ஒப்பந்தம் முடிந்ததும் கேரள எல்லையோரம் கொல்லயிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். குனியக்கூடாது, பாரம் எடுக்கக்கூடாது. மனைவி டீச்சர்; காலையில் பாறசாலைப் பக்கத்துப் பள்ளிக்குப் போனால் மாலையில்தான் வருவாள். அதுவரை வீட்டில் நானும் தென்னைமரத்து அணில்களும்தான். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து செய்ய முடிகிற ஒரே வேலையாகப் பின்னல்தான் எனக்குக் கிடைத்தது. மேசை விரிப்பு, தலையணை உறை என்று பின்னி வீடு நிறைந்ததும், சின்னதாக ஏதாவது செய்யலாம் என்று நகைக்கு வந்தேன்.

பாகுக்குப் பிறகு மரச்சீனிக் கிழங்கு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி முக்கினேன். வெயில் இருந்தவரை நன்றாக நின்றது. ஜூன் மாதம் இடவப்பாதி மழை பிடித்ததும் ஒவ்வொரு பூவிலும் பச்சைப் பூசணம். அதற்கப்புறம் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். அது சரியாக வந்தது. நூலோடு கம்பியும் சேர்த்துப் பின்னலாம் என்று தெரிந்ததும் நெய்யாற்றின்கரையில் மோட்டார் வைண்டிங் செய்கிற கடையில் போய் நின்றேன். மெல்லிய செம்புக் கம்பி கேட்டதும் கடைக்காரர், "எந்த மோட்டாருக்கு?" என்றார். காதுக்கு என்றேன். அவர் என் காதைப் பார்த்தார். காது கேட்க மிஷின் மாட்டுகிற ஆள் என்று நினைத்திருக்க வேண்டும், குரலை உயர்த்தி மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கம்பி கலந்து பின்னியவை வளைத்த இடத்தில் நின்றன. மனைவி ஒரு நீல ஜோடியைப் பள்ளிக்கு அணிந்துபோனாள். அடுத்த வாரம், அவளோடு வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னாள். கணவர் செய்தது என்று சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னேன். ஆரும் நம்பல்ல," என்றாள்.

இப்படி இருக்கையில்தான் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எனக்கு ஒரே அக்கா. கள்ளிக்காட்டில் இருக்கிறாள், அணைக்கட்டுத் தண்ணீர் தெரிகிற மேட்டில் வீடு. அத்தானுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. அக்கா சத்தமாகப் பேசுகிறவள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் குடும்பக்கதையை இறங்குவதற்குள் தெரிந்துகொண்டுவிடுகிறவள். ஆனால் படம் எடுக்கிறார்கள் என்றால் மட்டும் ஆள் மாறிவிடுவாள். வலது கன்னம் மட்டும் தெரியும்படி தலையைத் திருப்பிக்கொள்வாள், அல்லது யாருக்காவது பின்னால் போய் நின்றுகொள்வாள்.

காரணம் அவளுடைய இடது காது. கல்யாணத்துக்குப் போட்ட ஜிமிக்கி கனமானது. வருஷக்கணக்கில் அதைச் சுமந்து சுமந்து துளை கீறலாக நீண்டு, ஒருநாள் மகளைத் தூக்கியிருந்தபோது குழந்தையின் கை பட்டு மடல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. தைத்தார்கள். தையல் நன்றாகத்தான் ஆறியது. சில மாதங்கள் கழித்துத் தையல் போட்ட இடத்தில் தழும்பு வளர ஆரம்பித்தது. சிலருடைய தோலுக்கு அப்படி ஒரு சுபாவம் உண்டு. காயம் ஆறிய பிறகும் தோல் ஆறுவதை நிறுத்தாது. புளியங்கொட்டை அளவுக்கு, பளபளவென்று, கருஞ்சிவப்பாக ஒரு முண்டு. ஊசி போட்டார்கள்; கொஞ்சம் சுருங்கியது, மறுபடி வளர்ந்தது. இனி எந்தக் காதிலும் துளை போடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு காதில் மட்டும் போட்டால் நன்றாக இருக்காது என்று வலது காதிலிருந்ததையும் அக்கா கழற்றிவிட்டாள். அன்றிலிருந்து தலைமுடியை இரண்டு காதும் மூடும்படி தாழ வாரி, பிடரியில் முடிந்துகொள்வாள். எங்கள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் என்னை விட்டுவிட்டு நேராக என் மனைவியிடம் போனாள்.

"மக்கா, மாப்பிளை வரும்போ வாசல்ல விளக்கு எடுத்து நிக்கணும்லா. அது நீ செய்யணும். எனக்கு முட்டு வலி, நிக்க முடியாது."

"மைனி, பெண்ணுக்க அம்மை நீங்கல்லா நிக்கணும்?"

"நீ அவளுக்க மாமிதானே. ஆரு நின்னா என்ன."

மனைவி சரி என்றாள். அக்கா போன பிறகு என்னிடம், "மைனிக்கு முட்டு வலி எப்பம் வந்துது?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது. ரப்பர்த் தோட்டத்து மேட்டில் பால் வாளியோடு ஏறி இறங்குகிறவள் அவள். பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. மாப்பிள்ளை வரவேற்பு என்றால் கேமராக்காரர்கள் முகத்துக்கு நேரே நிற்பார்கள். விளக்கை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும், முடியைச் சரிசெய்யக் கை ஒழியாது. பெண்ணைப் பெற்றவள் காதில் நகை இல்லாமல் நிற்பதை மாப்பிள்ளை வீட்டுக்கூட்டம் மொத்தமும் பார்க்கும்.

பாவமாக இருந்தது. அதைவிட, இதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது என்ற உற்சாகம் அதிகமாக இருந்தது. துளையே வேண்டாத ஒரு கம்மல். காதின் மேல் மடிப்பைச் சுற்றிப் பின்பக்கமாக இறங்கும் ஒரு வளைவு. முன்னால் ஒரு இலை, மடலை முழுக்க மூடும்படி. எடை நூலின் எடைதான். தழும்பின் மேல் கம்பி படக்கூடாது, படுவது மிருதுவான பருத்தியாக இருக்க வேண்டும், இறுக்கம் துளியும் ஆகாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். நோயாளியின் கையில் ஊசி இருக்கும் இடத்தில் பிளாஸ்திரி எப்படி ஒட்டினால் தோல் உரியாது என்று யோசித்தே பாதி வாழ்க்கை போயிருக்கிறது.

செய்து செய்து என் காதிலேயே போட்டுப் பார்த்தேன். வளைவு அதிகமானால் காது சிவந்தது, குறைந்தால் தலையை ஆட்டியதும் கீழே விழுந்தது. ஒருநாள் மனைவி தேங்காயெண்ணெய் வாங்கிவரச் சொல்லியிருந்தது திடீரென்று நினைவுக்கு வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனேன். வழக்கம்போலச் சாயாக்கடையில் ஒரு சாயா சொல்லி உட்கார்ந்தேன். கடைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"அண்ணா, அனங்காதீங்க, அப்படியே இருங்க. காதுல ஒரு வண்டு இருக்கு."

கையை வைத்தபோதுதான் தெரிந்தது, இலையைக் கழற்ற மறந்திருக்கிறேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "வண்டு இல்லடே. கல்ஃபுல இப்பம் ஆம்பிளைகளுக்கு இதாக்கும் பேஷன்," என்றார். கடை சிரித்தது. நானும் வேறு வழியில்லாமல் சிரித்து, கழற்றி மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன், அக்கா பெயரை மட்டும் விட்டுவிட்டு. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கொள்ளாமே, நல்லாருக்கு. எனக்க மோளுக்கு எந்தக் கம்மல் போட்டாலும் காது பழுக்குது. அவளுக்கு ஒண்ணு கெட்டித் தருவீங்களா?"

தருகிறேன் என்றேன். அன்று சாயா வழக்கத்தைவிட நன்றாக இருந்தது.

இரண்டு இலைகளும் ஒரே அளவில் அமைந்ததும் ஒரு சின்னப் பெட்டியில் பஞ்சு வைத்து, அதன்மேல் அடுக்கிக் கள்ளிக்காட்டுக்கு எடுத்துப் போனேன். முதுகுக்குப் பயந்து பஸ்ஸில் முன்சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். அக்கா பின்வாசலில் கல்யாணப் பலகாரத்துக்காக ஏத்தன் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கறை. நானே பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"என்னலேய் இது?"

"காதுல போடுகது. துளை வேண்டாம். இங்கே மாட்டிப் பின்னாடி இறக்கணும். இலை இதை மூடிரும்."

'இதை' என்றபோது என் விரல் அவளுடைய இடது காதைக் காட்டிவிட்டது.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். கறை படிந்த கையாலேயே காதுப்பக்கத்து முடியைத் தொட்டு, இருக்கிறதா என்று பார்த்தாள்.

"நீ இதை எப்பம் பாத்தே?"

 முடி காற்றில் விலகும்போது, அவள் திண்டில் சாய்ந்து தூங்கும்போது, எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நர்ஸின் கண் அது, பார்க்காமல் இருக்காது. "பாத்திருக்கேன் அக்கா," என்றேன்.

"எல்லாரும் பாத்திருக்கியளா?"

நான் தலையாட்டினேன். அவள் ஒரு இலையை விரல் நுனியால் எடுத்தாள். வெளுத்த பருத்தி நூல், ஒழுங்கான விளிம்பு, உள்பக்கம் இரட்டை மடிப்பு. வெகுநேரம் பார்த்தாள்.

"லேய், இது நகையா, கெட்டா?"

அவள் கெட்டு என்றது புண்ணுக்குப் போடும் கட்டை. நான் குனிந்து பார்த்தேன். பஞ்சின்மேல் இரண்டும் கிடந்த விதம், அந்த நிறம், அந்தச் சுத்தம். அவள் சொன்னது சரி. மருத்துவமனை டிரேயிலிருந்து எடுத்து வைத்தது போலத்தான் இருந்தது.

"பெட்டியைக் கொண்டுபோ," என்றாள். குரலில் கோபம் இல்லை. "விளக்குக்கு உனக்க பெண்டாட்டி நிக்கும்னு சொல்லியாச்சு. அது மதி, போதும். சாயா இருக்கு, குடிச்சிட்டுப் போ."

குடித்துவிட்டு வந்தேன். அவள் திரும்பவும் ஏத்தங்காய் சீவினாள், ஆனால் நான் இருந்த நேரம் முழுக்க இடது பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகவே வைத்துக்கொண்டாள். என்னிடம் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. நான் உதவி செய்யப்போய் அவளுக்கு இருந்த ஒரு மறைவையும் எடுத்துவிட்டேன் என்பதுதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்: "அவங்க உங்ககிட்ட கேட்டாங்களா?"

"இல்ல."

"நோயாளிகிட்டகூடச் சொல்லிட்டுத்தானே ஊசி போடுவீங்க?"

மறுபடி பேனாவைத் திறந்து அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.  பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, சாயாக்கடைக்காரரின் மகளுக்குப் பச்சையும் சிவப்புமாக ஒரு ஜோடி பின்னிக் கொடுத்தேன். அக்காவுக்குப் போன் செய்யக் கை வரவில்லை. அவளும் செய்யவில்லை. அத்தான்தான் ஒருநாள் கூப்பிட்டு, பந்தல்காரனைப் பற்றி ஏதோ கேட்டார்.

பிறகு ஒரு மத்தியானம், மழை விட்ட நேரம், கேட் திறக்கிற சத்தம். அக்கா குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து என் மேசைமேல் போட்டாள். கல்யாணத்துக்கு அவள் கட்டப்போகும் சேலையின் ரவிக்கைத் துணி. நல்ல பழுத்த நாவல்பழ நிறம், ஓரத்தில் சரிகை.

"இதுக்குச் சேருகது போல நூல் உண்டா?"

நான் துணியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"என்ன பாக்கே? நான் யோசிச்சேன். எல்லாரும் பாத்தாச்சு. பின்னே நான் ஆருகிட்ட ஒளிக்கேன்? எனக்கு மட்டும் தெரியாம எல்லாருக்கும் தெரியுது." குடையை நாற்காலியில் சாய்த்து வைத்தாள். "ரெண்டு மூணு நாளு அழுகை வந்துது. பின்னே சிரிப்பும் வந்துது. இத்தனை வருஷம் முடியை இழுத்து இழுத்து நெத்தி வலிச்சதுதான் மிச்சம்."

"மறைக்குக மாதிரி இல்லாம வேற…" என்று ஆரம்பித்தேன்.

"மறைக்கதுக்கு வேண்டாம் மக்கா. போடுகதுக்கு வேணும். எனக்கு ஜிமிக்கி வேணும். ஆடணும்."

சொல்லிவிட்டு, பிடரியில் இருந்த முடிச்சை அவிழ்த்து, முடியை மொத்தமாக மேலே தூக்கிக் கொண்டையாகப் பிடித்துக்கொண்டாள். "அளவெடு," என்றாள். இரண்டு காதும் வெளியே தெரிந்தன. வெயில் படாத தோல் முகத்தைவிட வெளுப்பாக இருந்தது. தழும்பு நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. தொடலாமா என்று கேட்டேன். தொடு என்றாள். வலிக்குதா என்றதற்கு, "வலிக்காது. மழைக்காலத்துல அரிக்கும், அவ்வளவுதான்," என்றாள்.

அன்று மாலைவரை இருந்தாள். எனக்குத் தெரிந்த எதையும் அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. நான் வளைவு ஒன்றைப் போட்டுக்காட்டினால், "இது மூக்குக்கண்ணாடிக் கம்பி மாதிரி இருக்கு" என்பாள். பொடிச் சங்கிலி போதும் என்றால், "கோயில்மணி தொங்குக மாதிரி வேணும்" என்பாள். கடைசியில் இருவருமாக முடிவு செய்தது இது: காதின் மேல் மடிப்பில் செம்புக் கம்பி கலந்த ஒரு பூக்கொடி, அதிலிருந்து மூன்று நூல்சங்கிலிகள் முன்பக்கமாக இறங்கும், அவற்றின் நுனியில் ஒரு ஜிமிக்கி. மடலின் மேல் எதுவும் ஒட்டாது, அதற்கு முன்னால் ஆடும். பின்னாலிருந்து ஒரு மாட்டல் போய்க் கொண்டையில் குத்திக்கொள்ளும். எடை முழுக்க மேல்காதும் முடியும் வாங்கிக்கொள்ளும். முடியைத் தாழ வாரினால் இந்தக் கம்மல் நிற்காது என்பதை அவளிடம் சொன்னேன். "தெரியும்," என்றாள்.

மறுநாள் நெய்யாற்றின்கரையில் ஒரு ஃபேன்சிக் கடைக்குப் போய் முத்துகள் வாங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பெண், கொலுசுக்கா மாலைக்கா என்று கேட்டாள். ஜிமிக்கிக்கு என்றதும் ஒரு தட்டு நிறையப் பரப்பி, "இது வேண்டாம் சேட்டா, நிறம் போகும். இது எடுங்க, வியர்வை பட்டாலும் ஒண்ணும் ஆகாது," என்று அவளே தேர்ந்தெடுத்துத் தந்தாள். ஆண் ஒருவன் முத்து பொறுக்குவதில் அவளுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

ஜிமிக்கியின் கூடுதான் பாடாய்ப் படுத்தியது. பசையில் முக்கிய பின்னலைக் கவிழ்த்துக் காயவைக்க ஒரு அச்சு வேண்டும். மருந்துக்குப்பி மூடி தட்டையாக இருந்தது. மாத்திரைப் புட்டியின் உருண்டை அடப்பான் பெரிதாக இருந்தது. முற்றத்தில் காயப்போட்டிருந்த பாக்கில் ஒன்றை எடுத்துப் பாதியாக வெட்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன்மேல் கவிழ்த்துப் பார்த்தேன். அச்சு அசலாக ஜிமிக்கி. இரண்டு ஜிமிக்கிக்கு இரண்டு பாதி. மனைவி வந்ததும் காட்டினேன். அவள் விளிம்பில் முத்துக் கோத்துக் கொடுத்தாள். என் கண்ணுக்கு ஊசித்துளை தெரிவதில்லை.

கல்யாணம் நெய்யாற்றின்கரையில் ஒரு ஆடிட்டோரியத்தில். காலையில் மணப்பெண் அறைக்குள் அக்காவுக்கு நானேதான் மாட்டிவிட்டேன். அலங்காரம் செய்ய வந்த பெண் கொண்டையை முடித்திருந்தாள், பிச்சிப்பூவும் வைத்தாயிற்று. மாட்டலைக் கொண்டையில் குத்தி, தலையை ஆட்டச் சொல்லிப் பார்த்தேன். மகள், பட்டும் பொன்னுமாக அசைய முடியாமல் உட்கார்ந்திருந்தவள், கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, காது!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கண்மை கலைந்துவிடும் என்று அலங்காரக்காரி அவசரமாக விசிறியை எடுத்து வீச ஆரம்பித்தாள்.

"நீ கரையாதே, அழுதா மை போவும்," என்று மகளை அதட்டிவிட்டு அக்கா எழுந்தாள். வாசலில் என் மனைவி விளக்கைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அக்கா அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். முட்டு வலியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மாப்பிள்ளையின் கார் வந்தது. நாதஸ்வரமும் மேளமும் காதைப் பிளந்தன. கேமராக்காரர்கள் நாலா பக்கமும் பின்னடி வைத்து நடந்துவந்தார்கள். அக்கா விளக்கை ஏந்தி நேராக நின்றாள். தலையைத் திருப்பவில்லை. ஜிமிக்கிகள் ஆடின, விளக்கின் சுடர் முத்துகளில் பட்டுச் சின்னச் சின்னதாக மினுங்கியது. நான் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், விழுந்துவிடக் கூடாதே என்று மனதுக்குள் அந்த வளைவுகளைப் பிடித்துக்கொண்டே.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததும் முதலில் கேட்டது அதைத்தான். "இது புது மாடல்லா? எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"எடுத்தது இல்ல. எனக்க தம்பி கெட்டினதாக்கும்," என்றாள் அக்கா, அந்த ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி. "நூலு. தொட்டுப் பாருங்க."

அந்த அம்மாள் தொட்டுப் பார்த்தாள். தொடும்போது தழும்பையும் பார்த்தாள் என்பது எனக்குத் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்திருக்கும். "எனக்க தங்கச்சிக்கும் இப்படித்தான், வயித்துல ஆபரேஷன் பண்ணின இடத்துல," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "மழை வந்தா ஒரே அரிப்பு." "அதேதான்!" என்றாள் அக்கா. தாலிகட்டு முடிகிறவரை இரண்டு சம்பந்திகளும் அடிக்கடி தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊசி போட்ட மருத்துவர், பூசின எண்ணெய், பலித்தது, பலிக்காதது.

பந்திக்கு நானும் ஒரு வரிசையில் உட்கார்ந்தேன். போளியும் பால் பாயசமும் வந்துகொண்டிருந்தன. அக்கா வரிசை வரிசையாகப் போய் எல்லாரையும் சாப்பிடச் சொல்லி உபசரித்துக்கொண்டிருந்தாள். அவள் என் இலைக்கு எதிரே வந்தபோதுதான் கவனித்தேன், காதில் கம்மல் இல்லை. இரண்டு காதிலும் இல்லை. கொண்டை அப்படியே மேலே இருந்தது, பூ கொஞ்சம் சரிந்திருந்தது. காது இரண்டும் வெறுமையாக, வியர்வையில் மினுங்கிக்கொண்டு.

விழுந்துவிட்டதென்று பதறி எழுந்தேன். "அக்கா, காதுல உள்ளது?"

"பையில இருக்கு," என்றாள். "நீ இருந்து சாப்பிடு."

மனதுக்குள் சின்னதாக ஒரு வருத்தம் தட்டியது. இத்தனை நாள் செய்த வேலை பாதி நாள்கூட நிற்கவில்லையே என்று. அதற்குள் யாரோ கூப்பிட, அவள் திரும்பி, இடுப்பில் கைவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து எதற்கோ உரக்கச் சிரித்தாள். பக்கத்திலேயே கேமராக்காரன் நின்றிருந்தான். அவள் அவனைக் கவனிக்கவே இல்லை.

சாயங்காலம், பெண்ணை அனுப்பிவிட்டு எல்லோரும் ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது மெல்லக் கேட்டேன். அக்கா அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சூடு," என்றாள். "பின்னே, சிரிக்கும்போ மேல்காதுல இழுக்குது."

"முன்னாடியே சொல்லியிருந்தா வளைவைச் சரி செஞ்சிருப்பேனே. எத்தனை தடவை போட்டுப் பாத்தோம்."

"போட்டுப் பாத்தோம். உனக்க முன்னாடி கண்ணாடியைப் பாத்துக்கொண்டு இருந்தா சிரிப்பு வருமா? சிரிச்ச பெறகுதான் தெரிஞ்சுது."

கல்யாண ஆல்பம் வந்தபோது அக்காவுக்குப் பிடித்த படமாக அவள் காட்டியது, விளக்கோடு நிற்கும் படத்தை அல்ல. பந்தியில் தலையைச் சாய்த்துச் சிரிக்கிற படம். அதில் இடது காதுதான் கேமராவுக்கு நேரே இருக்கிறது. "பல்லு எல்லாம் தெரியுது பாரு," என்று அதற்குத்தான் வெட்கப்பட்டாள்.

இப்போது நான் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு டயாலிசிஸ் மையத்தில் பாதிநேர வேலைக்குப் போகிறேன். பாரம் தூக்க வேறு ஆள் இருக்கிறார்கள். பையில் நூல்கண்டும் கொக்கியும் எப்போதும் உண்டு. அக்கா தலைமுடியைச் சில நாள் மேலே கட்டுகிறாள், சில நாள் பழையபடி தாழ வாரிக்கொள்கிறாள். முந்தாநாள் போனில் கூப்பிட்டுச் சம்பந்தியின் தங்கைக்கு ஒரு ஜோடி வேண்டும் என்றாள். நீயே கேட்டாயா, அவர்கள் கேட்டார்களா என்றேன்.

"அவியளாக்கும் கேட்டது," என்றாள் அக்கா. "பச்சை வேணுமாம். நல்லா சிரிக்கிற ஆளாம். இழுக்காம கெட்டு."